சபை

இலங்கை மலையகத் தோட்டத்து லயத்துக் காம்பராவில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டு அறையில், நாலைந்து குடும்பங்கள் கூடி ஜெபித்தாலும் அதற்குப் பெயர் சபைதான். கட்டடமில்லாத கூட்டத்துக்கு அந்தப் பெயர் தகுமா என்று கேட்பவர்கள் சபை என்றால் மண்டபம் என்பதற்குத் தில்லைப் பொற்சபையைச் சான்று காட்டலாம். வடமொழிச் ‘சபா’ மண்டபத்தையும் கூடியிருப்போரையும் சேர்த்தே குறித்தது, உண்மை. ஆனால் தமிழ் வேதாகமத்தில் சபை, ‘எக்லேசியா’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு ஈடாக நிற்கிறது. எக்லேசியா, ஏதென்ஸ் குடிமக்கள் கூட்டத்தின் பெயர். ரோமர் 16:5, பிரிஸ்கில்லா, ஆக்கில்லா வீட்டில் கூடியவர்களையும் அதே சொல்லால்தான் குறிக்கிறது.

“சபைக்குப் போகிறோம்” என்பது இடத்தைத்தானே சுட்டுகிறது என்பர். “கல்யாணத்துக்குப் போகிறோம்” என்கிறோம், கல்யாணம் இடமா? சபை கூடும், கலையும், மண்டபம் கலையாது. மலையகத்தில் கூடியிருப்போர் என்ற இப்பொருள் வலுப்பட வாழ்க்கையும் காரணம். தோட்டத் தொழிலாளரிடையே கிறிஸ்தவப் பணி செய்த தமிழ்க் கூலி மிஷன் தொடங்கிய 1850களிலும் அதன் பின்னும் லயமும் நிலமும் தோட்டத்துக்கே சொந்தம்; ஆலயம் எழுப்பத் தொழிலாளிக்குத் தன் நிலம் என்று ஒன்றில்லை. அந்தக் காம்பராவில் வளரும் பிள்ளைக்குச் சபை என்றால் முதலில் முகங்கள்தான், பாயில் நெருங்கி உட்கார்ந்த அண்ணன்மார், அக்காமார். அகராதி எழுதுவோர் அந்தப் பொருளை முதலில் வைக்க வேண்டும்.