சிட்லபாக்கம்: ஓர் ஏரியும் அதன் குடிகளும்

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் மின்சார ரயிலில் ஏறி, தாம்பரத்திற்கு முந்தைய நிலையமான சானடோரியத்தில் இறங்கிக் கிழக்கு நோக்கிச் சற்றுத் தொலைவு நடந்தால், வீடுகளுக்கிடையே ஓர் ஏரிக்கரை எதிர்ப்படும். அதுவே சிட்லபாக்கம் ஏரி. ஏரியின் பெயரே ஊருக்கும். இவ்வூரின் மக்கள் தொகை 2001 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 25 ஆயிரம். 2011 இல் ஏறத்தாழ 38 ஆயிரம். பத்தே ஆண்டுகளில் பாதிப் பங்கு கூடிவிட்டது. பக்கத்து ஊரான செம்பாக்கமோ அதே காலத்தில் இரு மடங்கைத் தாண்டிற்று.

ஏரிக்கரைச் சிற்றூர் ஒன்றில் எத்தனை பேர் வாழலாம்? இன்று இக்கேள்வி வேடிக்கையாகத் தோன்றலாம். இருநூறு ஆண்டுகளுக்கு முன் இதற்குத் திட்டமான விடை இருந்தது. அவ்விடையைச் சொன்னது ஏரி.

முதலில் நில அமைப்பைப் பார்ப்போம். பல்லாவரம், தாம்பரம் வட்டாரத்துக் குன்றுகள் சார்னோக்கைட் எனும் மிகப் பழைய பாறையால் ஆனவை. (கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறையில் பதித்த கல்லிலிருந்து 1893 இல் இப்பாறைக்குப் பெயர் கிடைத்தது, அக்கல் சென்றதோ நம் சென்னைப் பக்கத்திலிருந்து.) இப்பாறை எளிதில் நீரை உள்ளே விடாது. இங்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 140 செ.மீ. மழை பெய்கிறது, அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடுகிறது. மூன்று மாதத்து நீரைப் பன்னிரண்டு மாதமும் வைத்துக்கொள்ள வேண்டும். நிலத்தடியிலோ அதற்குப் பெரிய இடமில்லை. ஆகவே சரிவுக்குக் குறுக்கே மண்கரை எழுப்பி, நீரை மேலேயே தேக்கினார்கள்.

ஓர் ஏரி நிறைந்தால் மிச்சநீர் கலங்கல் வழியே வழிந்து கீழுள்ள ஏரிக்குப் போகும். சிட்லபாக்கத்து உபரிநீர் செம்பாக்கம் ஏரியை அடைகிறது. சேலையூர், இராசகீழ்ப்பாக்கம் ஏரிகளின் நீரும் அங்கேதான் வருகிறது. பிறகு நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரிக்கு ஏரி இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் கலந்து, ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கோவளத்தருகே கடலைச் சேருகிறது. பம்பும் இயந்திரமும் இல்லாமல், வெறும் சரிவை நம்பி அமைத்த ஏற்பாடு இது.

மண்கரை தானாக நிற்காது. ஆண்டுதோறும் தூரெடுக்க வேண்டும், மதகைச் செப்பனிட வேண்டும், கரையில் உடைப்பெடுத்தால் நள்ளிரவிலும் ஓட வேண்டும். உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரிக்கெனத் தனி வாரியம் இருந்ததைச் சொல்கின்றன. செங்கற்பட்டு வட்டாரம் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாகீராக ஆனபின், தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை சுமார் இரண்டாயிரம் கிராமங்களை அளந்து, வீடு, நிலம், ஏரி எல்லாவற்றையும் கணக்கெடுத்தார். அக்கணக்குகளில் ஒரு செய்தி நம் கவனத்திற்குரியது. விளைச்சலைக் களத்தில் பங்கிடும்போதே ஏரிப் பராமரிப்புக்கென ஒரு பங்கு ஒதுக்கப்பட்டிருந்தது. வரிவசூல் முழுவதும் கம்பெனியின் கைக்குப் போனதும் இப்பங்கு மெல்ல மறைந்தது. பின்னர் 1858 இல் சென்னை அரசாங்கம் கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவந்து குடிமராமத்தைச் சட்டத்தால் நிலைநாட்ட முயன்றது. ஊர்ச்சொத்தாக இருந்ததைச் சர்க்கார் சொத்தாக்கிவிட்டு, வேலையை மட்டும் ஊரார் செய்ய வேண்டுமென்றால் எப்படி நடக்கும்?

இப்போது ஏரி சொன்ன அந்த விடைக்கு வருவோம். பின்வருவது தோராயக் கணக்கே. மாணவர்கள் தங்கள் ஊர் ஏரிக்கும் போட்டுப் பார்க்கலாம். சிட்லபாக்கம் ஏரியின் பழைய பரப்பு 86 ஏக்கருக்குச் சற்று அதிகம், அதாவது சுமார் 35 ஹெக்டேர். சராசரி ஆழம் ஒன்றரை மீட்டர் என்று கொண்டால், நிறைந்த ஏரியில் 5 இலட்சத்து 25 ஆயிரம் கன மீட்டர் நீர் இருக்கும். ஆவியாவதும் கசிவதுமாகப் பாதி போகட்டும். ஒரு ஹெக்டேர் நெல்லுக்கு ஏறத்தாழ 12 ஆயிரம் கன மீட்டர் வேண்டும். எனவே ஒரு முறை நிறைந்த ஏரி சுமார் 22 ஹெக்டேர் நஞ்சைக்குப் பாயும். ஹெக்டேருக்கு ஒன்றரை டன் நெல் விளைந்த காலத்தில், அந்த அரிசி ஏறத்தாழ நூற்றைம்பது பேருக்கு ஓராண்டுக்கு ஆகும். ஏரி பருவத்தில் இரண்டு மூன்று முறை நிறைந்தது, வயலில் நேரே மழை விழுந்தது, புஞ்சையில் தானியம் விளைந்தது என்று எல்லாவற்றையும் சேர்த்தாலும் சில நூறு பேர்தான். அதற்குமேல் குடி பெருகினால் வேறிடம் போய்ப் புதிய ஏரி வெட்ட வேண்டியதுதான்.

இந்த வரம்பை உடைத்தது இருப்புப்பாதை. 1931 மே மாதத்தில் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. நல்ல காற்றை நாடி 1928 இல் காசநோய் மருத்துவமனை வந்தது. அதனால்தான் ரயில் நிலையத்திற்குச் சானடோரியம் என்று பெயர். சென்னைக் கிறித்துவக் கல்லூரி 1937 இல் தாம்பரத்திற்குக் குடிபெயர்ந்தது. 1984 இல் ஏற்றுமதி வளாகம் உருவாயிற்று. சம்பளம் நகரத்திலிருந்து, அரிசி தஞ்சையிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும், வீடு மட்டும் ஏரிக்கரையில் என்றாகிவிட்டது. நஞ்சை மனைப்பிரிவாயிற்று. பாசனம் நின்றதும் மதகைக் கவனிக்க எவருக்கும் காரணமில்லை. ஏரியை அழித்தது பேராசை என்று சொல்வது எளிது. அதற்கு முன்பே ஏரி வேலை இழந்திருந்தது என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

சோற்றுக்கு ஏரி வேண்டாம் என்றானபின் நீருக்கு? ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் என்று வைத்தால், 38 ஆயிரம் பேருக்கு 3,800 கன மீட்டர். ஏரியின் பரப்பு இன்று பழையதில் ஏறத்தாழ பாதியே. ஆகவே நிறைந்த ஏரியும், ஒரு துளி வீணாகாவிட்டாலும், இரண்டரை மாதத்திற்கு மேல் தாங்காது. ஆனால் ஊர்க் கிணறுகளின் நீர்மட்டத்தைத் தாங்குவது அந்த ஏரிதான். கணக்கின் மறுபக்கம் இன்னும் சுவையானது. பயன்படுத்திய நீரில் ஐந்தில் நான்கு பங்கு கழிவாகத் திரும்புகிறது. நாளைக்கு 3,000 கன மீட்டருக்குமேல். அது முழுவதும் ஏரிக்குள் விழுந்தால், மழையே பெய்யாமல் சுமார் மூன்று மாதத்தில் ஏரி நிறைந்துவிடும்! கடுங்கோடையில் ஒரு புறநகர் ஏரி ததும்பி நின்று, அதன்மேல் ஆகாயத்தாமரை செழித்திருந்தால் மகிழ்ந்துவிடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். சிட்லபாக்கம் ஏரிக்குள் கழிவுநீரோடு குப்பையும் பல்லாண்டுகள் கொட்டப்பட்டது. 2019 கோடையில் தண்ணீர்ப் பஞ்சம் முற்றியபோது குடியிருப்போர் தாங்களே இறங்கித் தூரெடுத்தனர். அவர்களில் பெரும்பாலோர் ஆயக்கட்டையே காணாதவர்கள். அவ்வாண்டே அரசும் ஏரிச் சீரமைப்புக்கு 25 கோடி ரூபாய் அறிவித்தது.

2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. ஒரு ஹெக்டேர் நிலத்தில் மட்டும் 4,900 கன மீட்டர் நீர் விழுந்தது என்று பொருள். மேற்கே விழுந்தது முடிச்சூர் வழியாக அடையாற்றுக்கும், கிழக்கே விழுந்தது ஏரித்தொடர் வழியாகப் பள்ளிக்கரணைக்கும் சென்றன. தெருப்பெயர் மாறினாலும் சரிவு மாறவில்லை. நீர் தன் பழைய வழியில் போக, அவ்வழியில் இருந்த வீடுகளில் இடுப்பளவு நின்றது. முடிவில் அதை வாங்கிக்கொள்ள வேண்டிய சதுப்பு நிலமோ, 1965 வாக்கில் 5,000 ஹெக்டேருக்குமேல் பரந்திருந்ததன் சிறு பகுதியே. எஞ்சியதில் ஏறத்தாழ 1,247 ஹெக்டேர் 2022 இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது.

மக்கள் தொகைக் கணிப்பின்படி ஓர் இடம் நகரமாக வேண்டுமானால் 5,000 பேர், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், ஆண் உழைப்பாளர்களில் நூற்றுக்கு எழுபத்தைந்து பேர் வேளாண்மை அல்லாத தொழிலில் இருத்தல் ஆகியவை வேண்டும். சிட்லபாக்கம் இவற்றையெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டது. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி அமைந்தபோது ஐந்து நகராட்சிகளோடும் வேறு நான்கு பேரூராட்சிகளோடும் இதுவும் அதில் இணைந்தது. அதே ஆண்டில் எடுக்கவேண்டிய மக்கள் தொகைக் கணக்கு தள்ளிப்போயிற்று. ஆகவே சிட்லபாக்கம் தனி ஊராக இடம்பெற்ற கடைசிக் கணக்கு 2011 ஆம் ஆண்டினது. இனி அதன் குடிகள் மாநகராட்சியின் சில வார்டுகளில் எண்ணப்படுவார்கள். ஏரி மட்டும் நீர்வளத் துறையின் ஏட்டில் பழைய பெயரோடு இருக்கும்.