நாவில் பழகிய சொல்

அருஞ்சொல் ஒன்றைக் கற்றல் எளிது. அதனை அன்றாட வழக்கில் நிலைபெறச் செய்தலே அரிது. தமிழகத் திருச்சபையின் வரலாறு இதற்கு நற்சான்று பகர்கின்றது.

1578-இல் கொல்லத்தில் அச்சேறிய 'தம்பிரான் வணக்கம்', தமிழ் எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்துள்ள நூல்களுள் மிகப் பழையது. அந்நாளில் அயல்மொழிச் சொற்கள் பல அப்படியே தமிழ்ச் செபங்களில் புகுந்தன. 'இஸ்பிரீத்து சாந்து' அவற்றுள் ஒன்று. சாந்து என்றால் சந்தனக் குழம்பு அல்லது சுண்ணாம்புக் கலவை என்றே தமிழர் அறிவர். ஆயினும் நம் முன்னோர் அத்தொடரைத் தம் சொந்த மொழியாகவே கொண்டனர். பொருள் விளங்கியதால் அன்று. மாலைதோறும் குடும்பமாக முழந்தாளிட்டுச் சொல்லிச் சொல்லிப் பழகியதால்.

1606-இல் மதுரை வந்த தத்துவபோதகரோ, இந்நாட்டார் வழங்கிய சொற்களைக் கொண்டே மறையுரைத்தார். 1623-இல் சேந்தமங்கலம், சேலம் பகுதிகளுக்கும் அவர் வந்தார். நிகண்டுகளைப் பாட்டாக மனப்பாடம் செய்தே அருஞ்சொற்களை அறிந்து வந்த தமிழர்க்கு, அகர வரிசையில் சொல் தேடும் வழியை 1732-இல் சதுரகராதியால் காட்டினார் வீரமாமுனிவர்.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் மற்றுமொரு மாற்றம் நிகழ்ந்தது. ஞானஸ்நானம் திருமுழுக்கு ஆயிற்று. பூசை திருப்பலி ஆயிற்று. அர்ச்சியசிஷ்டவர் புனிதர் ஆயினர். இஸ்பிரீத்து சாந்து தூய ஆவியார் ஆனார். 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் இந்நடைக்கு வலுவூட்டிற்று. நல்ல தமிழ் கிடைத்தது. ஆனால் மனப்பாடச் செபத்தின் நடுவே சொல் மாறியதால் வாயடைத்து நின்ற பாட்டிமாரையும் நாம் கண்டோம். அவர்தம் பழைய செபப் புத்தகம் இன்று பேரப்பிள்ளைகளுக்கு விளங்குவதில்லை. புதுச்சொல்லும் பலரிடத்துக் கோயில் வாசலோடு நின்றுவிடுகின்றது. வீட்டில் இன்றும் 'பூசைக்குப் போகிறோம்' என்றே கூறுகிறோம்.

அறிவியலுக்கும் இதே நிலைதான். 1916-இல் நம் சேலத்திலேயே இராஜாஜி முதலியோர் அறிவியற் கலைச்சொற்களை ஆக்க ஒரு சங்கம் கண்டனர். அதன் இதழ் ஆங்கிலத்தில் நடந்ததைப் பாரதியார் குறை கூறினார். தமிழ்ச் சொல்லைத் தமிழர் படிக்கும் மொழியிலன்றோ விதைக்க வேண்டும்!

சொல் வேரூன்றும் விதத்தை அறிய அம்மாபேட்டை நெசவாளர் வீடுகளுக்குச் செல்வோம். பாவு, ஊடை, நாடா என்னும் சொற்களை அங்குள்ள பிள்ளைகள் எந்த அகராதியிலும் தேடியதில்லை. தறியருகே தாய் தந்தையரின் வேலையோடு சேர்த்தே கற்றுக்கொண்டனர். செயலோடு பிணைந்த சொல் மறப்பதில்லை. கைத்தறி குறையுந்தோறும் அதைச் சார்ந்த சொற்களும் நாவைவிட்டு நீங்கும் என்பதும் இதனால் தெளிவாகின்றது.

ஆகவே, அன்பர்களே, நாளொரு சொல்லைக் கற்போம். அன்றிரவே உணவு வேளையில் அதனை வழங்குவோம். பிள்ளைகள் திருமுழுக்கு என்னட்டும். ஞானஸ்நானம் என்ற பாட்டியின் சொல்லுக்கும் பொருள் கேட்டறியட்டும். இரு தலைமுறையும் ஒரே செபத்தில் இணைவதற்கு அதுவே வழி.