நாலு முறை நாடு மாறிய ஊரில் ஒரு கிறிஸ்துமஸ் சந்தை

டிசம்பர் மாதத்து சனி, ஞாயிறு. நண்பர்கள் நாலு பேர் ஜெர்மனியின் கேல் நகரிலிருந்து டிராம் ஏறினோம். ரைன் நதிப் பாலத்தைத் தாண்டினால் பிரான்ஸ், ஸ்ட்ராஸ்பர்க் நகரம். முதல் நாள் கிறிஸ்துமஸ் சந்தை, மறுநாள் ஒயின் கிராமங்கள். இதுதான் எங்கள் திட்டம். வரலாறு படிக்கும் எண்ணம் யாருக்கும் இல்லை. ஆனால் அல்சேஸ் பகுதியில் எதைத் தொட்டாலும் வரலாறு கையில் ஒட்டிக்கொள்கிறது.

முதலில் சந்தையின் கதை. அதற்கு உள்ளூர் மொழியில் "கிறிஸ்ட்கிண்டெல்ஸ்மாரிக்" என்று பெயர். குழந்தை இயேசுவின் சந்தை என்று பொருள். பிரான்ஸ் நாட்டுச் சந்தைக்கு ஜெர்மன் சாயலில் ஏன் பெயர்? 1570-இல் இது பிரான்சே இல்லை. ஜெர்மன் பேசும் சுதந்திர நகரம். மக்கள் பிராட்டஸ்டன்ட் மதத்துக்கு மாறியிருந்தார்கள். புனித நிக்கோலஸ் பெயரில் நடந்த பழைய சந்தையைப் பார்த்து, "புனிதர் வழிபாடு நமக்கு ஆகாது" என்று போதகர்கள் எதிர்த்தார்கள். நகரசபை அந்தச் சந்தையை நிறுத்திவிட்டு, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாட்களில் குழந்தை இயேசு பெயரில் புதிய சந்தையைத் தொடங்கியது. இன்று லட்சக்கணக்கில் கூட்டம் வரும் இந்தச் சந்தை ஒரு மதச் சண்டையில் பிறந்தது என்பது ஆச்சரியமான விஷயம்.

பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி இந்த நகரத்தைப் பிடித்தது 1681-இல். அதன்பிறகு 1871-இல் போரில் தோற்ற பிரான்சிடமிருந்து அல்சேஸை ஜெர்மனி எடுத்துக்கொண்டது. 1918-இல் மீண்டும் பிரான்ஸ். 1940-இல் ஹிட்லரின் ஜெர்மனி. 1944-45 குளிர்காலத்தில் மறுபடியும் பிரான்ஸ். 1870-இல் பிறந்து 75 வயது வரை வாழ்ந்த ஒரு பாட்டி, சொந்த வீட்டை விட்டு நகராமலேயே நாலு முறை நாடு மாறியிருப்பார்!

சந்தை நடக்கும் ப்ரோக்லி சதுக்கத்துக்கு நாஜிகள் வைத்த பெயர் அடால்ஃப் ஹிட்லர் சதுக்கம். பிரெஞ்சு மொழிக்குத் தடை வந்தது. 1942-இலிருந்து அல்சேஸ் இளைஞர்களை ஜெர்மன் ராணுவத்தில் கட்டாயமாகச் சேர்த்தார்கள். அல்சேஸ், பக்கத்து மொசெல் இரண்டிலும் சேர்த்து சுமார் 1,30,000 பேர். பலர் ரஷ்யப் போர்முனைக்குப் போய்த் திரும்பவே இல்லை.

இனி ஒயினுக்கு வருவோம். ஸ்ட்ராஸ்பர்க் பொது மருத்துவமனைக்கு அடியில் 1395-ஆம் ஆண்டுப் பாதாள அறை ஒன்று உள்ளது. அந்தக் காலத்தில் ஒயினும் ஒரு மருந்து. மருத்துவமனைக்குத் திராட்சைத் தோட்டங்களை எழுதிவைத்தவர்களும் உண்டு. அங்கே கம்பிக் கதவுக்குப் பின்னால் 1472-ஆம் ஆண்டு வெள்ளை ஒயின் பீப்பாயில் இருக்கிறது. ஐந்தரை நூற்றாண்டுகளில் மூன்று முறைதான் அதை எடுத்து விருந்தினருக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

முதல் முறை 1576-இல். ஸுரிக் நகரத்தார் ஒரு பெரிய பானையில் தினைக்கஞ்சியைப் படகில் ஏற்றி, சூடு ஆறுவதற்குள் ஒரே நாளில் இங்கே வந்து சேர்ந்தார்கள். "உங்களுக்கு ஆபத்து என்றால் இவ்வளவு சீக்கிரம் வந்துவிடுவோம்" என்று காட்டத்தான் அந்தப் பயணம். இரண்டாம் முறை 1718-இல், தீயில் எரிந்த மருத்துவமனையைத் திரும்பக் கட்டியபோது. மூன்றாம் முறை 1944 நவம்பரில், நகரத்தை மீட்ட தளபதி லெக்லெர்க்குக்கு. ஸ்ட்ராஸ்பர்க் தேவாலயத்தின் மேல் பிரெஞ்சுக் கொடி பறக்கும்வரை ஆயுதத்தைக் கீழே வைப்பதில்லை என்று 1941-இல் ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் சபதம் செய்தவர் அவர்.

மறுநாள் கைசர்ஸ்பெர்க். மரச்சட்ட வீடுகள், இஞ்சி ரொட்டி வாசம், பட்டையும் கிராம்பும் போட்டுக் காய்ச்சிய சூடான ஒயின். ஆல்பர்ட் ஷ்வைட்சர் 1875-இல் பிறந்த ஊர் இது. குளிரில் கை விறைத்தது, கோப்பையைப் பிடித்ததும் சரியாயிற்று :-)

அங்கிருந்து திராட்சைத் தோட்டங்கள் வழியே ஸிகோல்ஸ்ஹைம் கிராமத்துக்கு நடந்தோம். கைசர்ஸ்பெர்க் அளவுக்குப் பழைய வீடுகள் அங்கே கண்ணில் படவில்லை. காரணம், 1944 டிசம்பரிலும் அடுத்த மாதமும் நடந்த சண்டையில் இந்த ஊரும் பக்கத்து ஊர்களான பென்விர், அம்மர்ஷ்விர் ஆகியவையும் தரைமட்டமாயின. நிலவறைகளை இழந்த விவசாயிகள் தனித்தனியாக மீள முடியாமல், ஒன்றுசேர்ந்து கூட்டுறவு ஒயின் ஆலைகளைத் தொடங்கினார்கள். 1953-இல் மார்லென்ஹைம் முதல் தான் வரை சுமார் 170 கி.மீ. நீளத்துக்கு "ஒயின் பாதை" என்று அறிவித்துப் பயணிகளை அழைத்தார்கள். நாங்கள் நடந்ததும் அந்தப் பாதை போகும் ஊர்களில்தான்.

கிராமத்துக்கு மேலே குன்றின்மீது போர் வீரர்களின் கல்லறைத் தோட்டம். சுற்றிலும் திராட்சைக் கொடிகள். சுமார் 1,600 கல்லறைகளில் பல வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்து பிரான்சுக்காகப் போரிட்ட முஸ்லிம் வீரர்களுடையவை. அவை மெக்காவை நோக்கி அமைந்துள்ளன. தங்கள் மார்க்கம் விலக்கிய ஒயின் விளையும் மண்ணில், யாரோ ஒருவருடைய நாட்டின் எல்லைக்காக உயிரைக் கொடுத்துவிட்டுப் படுத்திருக்கிறார்கள்.

நாங்கள் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. கீழே தெரிந்த ஊரில் விளக்குகள் எரியத் தொடங்கின. பழைமை மாறாத ஊர் என்று நினைத்துத்தான் வந்தோம். எத்தனையோ முறை மாற்றப்பட்டும் இடிக்கப்பட்டும், ஒவ்வொரு முறையும் யாரோ விலை கொடுத்து மீட்ட ஊர் இது என்று தெரிந்துகொண்டு திரும்பினோம். மாலையில் டிராம் ரைன் பாலத்தைக் கடந்தது. இத்தனை பேர் செத்த எல்லையைத் தாண்ட எங்களுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.