பெயர்த்து வந்த வீடுகள்

திருத்தணி மலையடிவாரத்தில் திண்ணை வைத்த வீடுகள் அருகி வருகின்றன. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி சுமந்து வந்தோர், 365 படிகளில் ஏறுமுன் இளைப்பாறிய திண்ணைகள் அவை. நாட்டு ஓடு வேய்ந்த அவ்வீடுகள் இருந்த இடங்களில் விடுதிகளும் கடைகளும் எழுந்துள்ளன. ஒழுகும் கூரையின் கீழ் வாழ்வோரிடம் பழைமையைக் காப்பாற்றுங்கள் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. எனினும், பாட்டன் வாழ்ந்த வீடு எப்படி இருந்தது என்று பிள்ளைகள் கேட்டால் எதைக் காட்டுவது?

இக்கேள்வியே கோடை விடுமுறையில் ஒரு நாள் நம்மைக் குடும்பத்தோடு மின்ரயிலேற்றிச் சென்னைக்கும், அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே முட்டுக்காட்டிலுள்ள தட்சிணசித்ராவுக்கும் அழைத்துச் சென்றது. செல்ல விரும்புவோர் செவ்வாய்க்கிழமையைத் தவிர்க்க. அன்று அங்கே விடுமுறை.

வீடுகளையே பெயர்த்து வந்து திறந்தவெளியில் நிறுத்தி, அவற்றினுள் பழந்தொழில்களையும் நடத்திக் காட்டும் வழக்கம் ஐரோப்பாவில் தோன்றியது. 1891-இல் சுவீடன் நாட்டு ஸ்டாக்ஹோமில் ஆர்தர் ஹாசேலியஸ் தொடங்கிய ஸ்கான்சன் அதன் முன்னோடி எனலாம். ஆலைகள் பெருகிச் சிற்றூர் வாழ்வு கலைந்துவந்த காலம் அது. நம் நாட்டில், டெபோரா தியாகராஜன் 1984-இல் நிறுவிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன், 1996 டிசம்பரில் தட்சிணசித்ராவைத் திறந்தது. எளிய செங்கல்லில் அழகு கண்ட லாரி பேக்கர் அதன் அமைப்பை வகுத்துத் தந்தார்.

செட்டிநாட்டில் வாரிசுகள் வெளியூர்களில் குடியேறியபின், இடிக்கப்பட்ட வீடுகளின் தூண்களும் நிலைக்கதவுகளும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விலைக்கு நின்றன. அத்தகைய மரங்கள் இங்கே மீண்டும் வீடாகியுள்ளன. கோட்டயத்தை அடுத்த புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவர் இல்லம் மரவேலையின் உச்சம். அதன் நடுவே, நுழைவோரை எதிர்கொண்டு நிற்பது நெல் அறை. "பாட்டி, உங்கள் வீட்டில் நெல்லை எங்கே வைத்தீர்கள்?" என்று பேத்தி கேட்டாள். "நெல் இருந்தால்தானே கண்ணு, குதிர் வேண்டும்!" என்று நம் அன்னையார் சிரித்தார்.

ஆந்திரக் கடற்கரையின் வட்ட வீட்டருகே அவர் நெடுநேரம் நின்றார். சுற்றிலும் மண்சுவர், தாழ இறங்கும் பனையோலைக் கூரை. புயற்காற்று மோதி நிற்க மூலையில்லாமல் வழுக்கிச் செல்லும்படி கட்டப்பட்டது. உலக்கையை 'ரோகலி' என்றும், திருகையை 'திரகலி' என்றும் பேத்திக்குச் சொல்லிக் கொடுத்தார். திருத்தணி ஆந்திர மாநிலத்தில் இருந்தபோது பள்ளியில் சேர்ந்தவர் அவர். 1953-இல் அம்மாநிலம் பிறந்தது, ம.பொ.சி. முதலியோரின் போராட்டத்திற்கும் படாஸ்கரின் பரிந்துரைக்கும் பின், 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. எல்லைக்கோடு இடம் மாறியதே தவிர, உலக்கை ஒரே உலக்கைதான்.

இவ்வளவு பாராட்டியபின் ஒன்றைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. அக்கிரகாரத்து வீட்டிலிருந்து குயவர் வீட்டுக்குப் பிள்ளைகள் சில நொடிகளில் ஓடிவிடுகிறார்கள். மெய்யான ஊரில் அத்தூரம் அவ்வளவு எளிதாகக் கடக்கக் கூடியதாக இருக்கவில்லை. சேரிக்கும் ஊருக்கும் இடையே நின்ற தடையை எந்தத் தச்சரும் பெயர்த்து வந்து காட்ட இயலாது. நம் ஆலயங்களும் இதற்கு விலக்கல்ல. வடக்கன்குளம் ஆலயத்தில் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910-இல் இடிக்கப்பட்டது. அதை எதிர்த்து வழக்கும் நடந்தது. அச்சுவர் போனதில் நமக்கு வருத்தமில்லை. ஆனால் அது நின்றது என்பதைப் பிள்ளைகள் அறிய வேண்டும்.

தேக்குத் தூண் எண்ணிடப்பட்டு லாரியில் வரும். மண்சுவரோ பெயர்த்தால் மண்ணாகிவிடும். தெரிந்த கைகள் இருந்தால் புதிதாக எழுப்பலாம், அவ்வளவே. ஆகவே ஏழையின் வீடு, அதை எழுப்பத் தெரிந்தவரின் நினைவில்தான் உள்ளது. குயவரின் சக்கரத்தில் பேத்தி செய்த கோணல் அகலைக் காட்டிலும், திரும்பும் ரயிலில் அவள் குறிப்பேட்டில் எழுதியதே நமக்குப் பெரிதாகப்பட்டது. செம்மண்ணில் வைக்கோல் துணுக்கைக் கலந்து மூன்று நாள் புளிக்கவிட்டது. பெண்கள் காலால் மிதித்தது. முழ உயரம் எழுப்பி, அது காய்ந்தபின் அடுத்த முழம் வைத்தது. ஐப்பசி மழை கரைத்த அடிச்சுவரைத் தை பிறக்குமுன் பூசியது. எல்லாம் பாட்டி சொல்லச் சொல்ல எழுதியவை. அரக்கோணம் வருவதற்குள் நான்கு பக்கங்கள் நிறைந்திருந்தன. கதவைப் பற்றி அவர் இன்னும் தொடங்கவேயில்லை.