கோட்டுத் துணியும் பதினேழாம் பிரிவும்

பி.காம் படிக்கிற எல்லோரும் 1930-ம் வருடத்து சரக்கு விற்பனைச் சட்டத்தைத் தாண்டித்தான் வந்திருப்போம். அதில் 17-ம் பிரிவு, சாம்பிள் பார்த்து வாங்குவது பற்றியது. தேர்வில் மூன்று பாயிண்ட் எழுதச் சொல்வார்கள். ஒன்று, மொத்தச் சரக்கு சாம்பிளின் தரத்தில் இருக்க வேண்டும். இரண்டு, ஒப்பிட்டுப் பார்க்க வாங்குபவருக்கு வாய்ப்புத் தர வேண்டும். மூன்று, சாம்பிளை நியாயமாகச் சோதித்தாலும் கண்ணுக்குத் தெரியாத, சரக்கை விற்க லாயக்கில்லாமல் செய்கிற குறை எதுவும் இருக்கக் கூடாது.

முதல் இரண்டும் புரிகிறது. மூன்றாவது எதற்கு? சரக்கு சாம்பிள் மாதிரியே இருந்தால் போதாதா? இந்தக் கேள்விக்குப் பதில் ஒரு கோட்டுத் துணியில் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

கம்பளித் துணி வாங்குவது எப்போதுமே சிக்கலான வேலைதான். வாங்குபவர் பார்ப்பது நிறத்தையும் பளபளப்பையும். துணி எத்தனை வருடம் உழைக்கும் என்பதோ இழையின் தரத்திலும், முறுக்கிலும், நெசவிலும் இருக்கிறது. 1197-ல் இங்கிலாந்தின் முதலாம் ரிச்சர்டு ராஜா காலத்தில் ஒரு ஆணை வந்தது. கம்பளித் துணி எங்கே நெய்தாலும் இரண்டு கரைகளுக்கு நடுவில் இரண்டு எல் அகலம் இருக்க வேண்டும் (எல் என்பது நம் முழம், கஜம் மாதிரி அந்த ஊர் நீள அளவு). ஓரத்தில் என்ன தரமோ அதே தரம் நடுவிலும் இருக்க வேண்டும். இப்படி ஒரு விதி எழுதுகிறார்கள் என்றால் ஓரத்தில் நல்ல துணியைக் காட்டி நடுவில் ஏமாற்றும் பழக்கம் இருந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்?

அதே ஆணையில் இன்னொரு விதி. கடை முன்னால் சிவப்பு, கறுப்புத் துணிகளையோ வேறு எதையுமோ கட்டித் தொங்கவிட்டு, வாங்க வருகிறவர்களின் கண்ணை மயக்கக் கூடாதாம். நம் ஊர் ஜவுளிக்கடையில் சேலையை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போய்ப் பார்க்கிற அம்மாக்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை :-)

1215-ல் வந்த மாக்னா கார்ட்டாவிலும் 35-வது பிரிவில் இந்த இரண்டு எல் அகலம் வருகிறது. அளந்து பார்க்க ஆல்னேஜர் என்று ஒரு அதிகாரி இருந்தார். அவர் சரிபார்த்த துணியில் பின்னாளில் ஈய முத்திரை தொங்கியது. வாங்குபவருக்கு நெசவு பற்றித் தெரியாவிட்டாலும் முத்திரை தெரியும், அது போதும் என்பது ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் காலப்போக்கில் அந்தப் பதவி ஏலம், குத்தகை என்று போனது. குத்தகைக்காரருக்கு வேண்டியது முத்திரைக் கட்டணம். துணியைப் பார்க்காமலே முத்திரைகளை மொத்தமாகக் கொடுத்துவிடுகிறார்கள் என்ற புகார்கள் வந்தன. தணிக்கை செய்கிறவருக்கு யார் பணம் கொடுப்பது என்று ஆடிட்டிங் வகுப்பில் படிக்கிறோமே, அதே பிரச்சினை.

பிறகு இயந்திரங்கள் வந்தன. 1813-ல் யார்க்‌ஷயரின் பேட்லி என்ற ஊரில் பெஞ்சமின் லா என்பவர் பழைய கம்பளிக் கந்தல்களைக் கிழித்து, புதுக் கம்பளியோடு கலந்து மறுபடி நூலாக்கும் முறையைக் கொண்டுவந்தார். அதற்கு ஷாடி என்று பெயர். ஏழைகளுக்கு மலிவாகக் கம்பளி கிடைத்தது என்பது உண்மை. இன்றும் நம் நாட்டில் பானிபட்டில் இந்தத் தொழில் பெரிய அளவில் நடக்கிறது. ஆனால் பழைய கந்தலில் இழை குட்டையாகிவிடும், சீக்கிரம் தேயும். அதைப் புதுக் கம்பளி என்று சொல்லி விற்றவர்களால், ஷாடி என்ற சொல்லுக்கே ஆங்கிலத்தில் மட்டமானது என்று பொருள் வந்துவிட்டது.

இப்போது வழக்குக்கு வருவோம். பேட்லிக்குப் பக்கத்திலேயே இருக்கிற பிராட்போர்டு நகரம் வொர்ஸ்டட் துணிக்குப் பேர்போனது. கம்பளியைச் சீப்பால் வாரி, நீளமான இழைகளை மட்டும் எடுத்து, இறுக்கமாக முறுக்கி நெய்வது வொர்ஸ்டட். கோட்டுக்கு ஏற்ற வழவழப்பான துணி. ட்ரம்மண்ட் என்ற உற்பத்தியாளரிடம் வான் இங்கன் என்ற துணி வியாபாரிகள் கோட்டுக்கான வொர்ஸ்டட்டை ஆர்டர் செய்தார்கள். தரமும் எடையும் எண்ணிட்ட சாம்பிள்களின்படி இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். சரக்கு வந்தது. சாம்பிளும் சரக்கும் அச்சு அசல் ஒன்றே.

ஆனால் கோட்டாகத் தைத்துப் போட்டால் தாங்கவில்லை. பாவுக்கும் ஊடைக்கும் பிடிப்பு இல்லாமல் இழைகள் நழுவின. தேடிப் பார்த்தால் சாம்பிளிலும் அதே குறை! துணி வியாபாரத்தில் வழக்கமாகச் செய்கிற சோதனையில் அது தெரியவே தெரியாது.

உற்பத்தியாளரின் வாதம் எளிது: சாம்பிளைக் கையில் கொடுத்தேன், பார்த்துத்தான் வாங்கினாய், அதே சரக்கைத்தான் அனுப்பினேன். வாங்குபவனே விழிப்பாக இரு என்கிற பழைய கொள்கைப்படி பார்த்தால் அவர் சொல்வதில் தப்பே இல்லை. வழக்கு பிரபுக்கள் சபை வரை போய், 1887-ல் தீர்ப்பு வந்தது. உற்பத்தியாளர் தோற்றார். இந்தத் துணி கோட் தைக்கத்தான் என்று நெய்தவருக்குத் தெரியும். எப்படி நெய்தால் நிற்கும் என்பதும் அவருடைய தொழில். சாதாரணமாகப் பார்த்தால் தெரியாத குறையை வாங்கியவர் தலையில் கட்ட முடியாது. இந்தக் கொள்கை 1893-ம் வருடத்து ஆங்கிலச் சட்டத்தில் ஏறி, அங்கிருந்து 1930-ல் நம் 17-ம் பிரிவின் மூன்றாவது பாயிண்டாக வந்து சேர்ந்தது.

அதனால் இப்போது கவலை இல்லை என்று நினைக்காதீர்கள். முத்திரைக்குப் பதில் இன்று எண் வந்திருக்கிறது. சூப்பர் 100, சூப்பர் 120, சூப்பர் 150 என்று துணியின் கரையிலேயே போட்டிருப்பார்கள். இதன் வேரும் பிராட்போர்டுதான். ஒரு பவுண்டு வாரிய கம்பளியிலிருந்து 560 கஜம் கொண்ட சிட்டம் எத்தனை நூற்கலாம் என்பது அந்தக் காலக் கணக்கு. 100 சிட்டம் என்றால் 56,000 கஜம், ஏறக்குறைய 51 கிலோமீட்டர் நூல்! கம்பளியைத் தரம் பிரிப்பவர்கள் கண்ணாலும் கையாலும் பார்த்தே இந்த எண்ணைச் சொன்னார்கள். பிறகு அளவுக் கருவிகள் வந்தன. அமெரிக்காவில் 2006-ல் வந்த சட்டம், சூப்பர் 100 என்று போட்டால் இழையின் சராசரி விட்டம் 18.75 மைக்ரானுக்கு மேல் போகக் கூடாது, சூப்பர் 150 என்றால் 16.25 மைக்ரானுக்கு மேல் போகக் கூடாது என்று எழுதி வைத்தது.

கவனியுங்கள், அந்த எண் சொல்வது இழையின் மென்மையை மட்டும்தான். நெசவு இறுக்கமா, நூல் இரட்டை முறுக்கா, துணியின் எடை என்ன என்று எதையும் சொல்லாது. எண் ஏற ஏற விலை ஏறும், தொட்டால் பட்டு மாதிரி இருக்கும். ஆனால் மெல்லிய இழை சீக்கிரம் தேயும். தினமும் போடுகிற கோட்டுக்கு சூப்பர் 100, 120 தாராளம். 150-ஐ வருடத்தில் நாலு நாள் போடுகிறவர்களுக்கு விட்டுவிடலாம்.

அப்படியானால் எப்படித்தான் வாங்குவது? துணியைக் கையில் இறுக்கிக் கசக்கி விடுங்கள். நல்ல கம்பளி கொஞ்ச நேரத்தில் மடிப்பை உதறிவிடும். வெளிச்சத்தில் பிடித்து நெசவு சீராக இருக்கிறதா பாருங்கள். ஓர நூல் ஒன்றைக் கொளுத்தினால் கம்பளி முடி கருகிய வாசனையோடு பொடியும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியாகும். டெரிவுல் கலவையை இதில் கண்டுபிடித்துவிடலாம். அந்தத் துணி வியாபாரிகள் செய்யாமல் விட்ட சோதனையையும் செய்யலாம்: ஒரு வெட்டுத் துண்டை டெய்லரிடம் கொடுத்து ஒரு தையல் போடச் சொல்லி, இரண்டு பக்கமும் இழுத்துப் பாருங்கள். தையலுக்குப் பக்கத்தில் இழை விலகினால் அந்தத் துணி வேண்டாம்.

கடைசியாக, பில்லில் "கம்பளி 100 சதவீதம்" என்றோ கலவை எவ்வளவு என்றோ எழுதி வாங்குங்கள், ஒரு துண்டுத் துணியையும் அதோடு பின் செய்து வையுங்கள். எழுதி வாங்கினால் விவரம் சொல்லி விற்பது என்ற 15-ம் பிரிவும் உங்கள் பக்கம் வந்துவிடும். நம்மில் பலருக்கு முதல் கோட் என்பது வீட்டில் யாரோ சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். கண்ணுக்குத் தெரியாத குறைக்கும் விற்றவர் பொறுப்பு என்று ஒரு சட்டம் இருக்கிறது. தேர்வு முடிந்ததும் அதை மறந்துவிடாதீர்கள்.