நாகநதியின் இரண்டு வரைபடங்கள்

வரைபடம் நிலத்தின் நகல் இல்லை; நிலத்தை ஒருவிதமாக வாசித்த பிரதி. காலனிய அரசின் நிலஅளவை எதை வாசித்தது? தீர்வை கட்டும் நஞ்சையையும் புஞ்சையையும். ஆறு அதில் வெறும் புறம்போக்கு. அந்தப் பார்வை சுதந்திரத்துக்குப் பிறகும் போகவில்லை. பாலாற்றில் தோல் கழிவு கலந்ததை நிறுத்தச்சொல்ல 1996இல் உச்சநீதிமன்றமே வரவேண்டியிருந்தது.

கணியம்பாடிப் பக்கத்து நாகநதியும் பாலாற்றுப் படுகையைச் சேர்ந்ததுதான். வருஷக்கணக்காக வறண்டு கிடந்தது. 2014 வாக்கில் வாழும் கலை அமைப்பு அதை மீட்கும் வேலையைத் தொடங்கியபோது வேறொரு வரைபடம் வந்தது. இது கடும்பாறைப் பூமி. தண்ணீர் பாறை வெடிப்புகளில்தான் தங்கும். வெடிப்புகளின் போக்கைச் செயற்கைக்கோள் படத்தில் கோடுகளாகப் பிடிக்கலாம். அங்கே உறிஞ்சு கிணறு தோண்டினால், ஓடிப்போகிற மழை உள்ளே இறங்கும். பெய்தால் ஒரேயடியாகக் கொட்டி, இல்லையென்றால் காய்ந்துபோகிற இந்தக் காலத்தில் இது சின்ன விஷயமில்லை.

ஆனால் கோடு குழி தோண்டாது. தோண்டியவர்கள் நூறுநாள் வேலைக்கு வந்த பெண்கள். சுமார் 20,000 பேர். 2021இல் பிரதமர் வானொலியில் அவர்களைப் பாராட்டினார். சரி, படம் யார் கையில்? அடுத்த கிணறு எங்கே என்று அவர்கள் இன்னொருவரைத்தான் கேட்கவேண்டுமென்றால், தீர்வை வரைபடத்துக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. படம் கிராம சபையில் விரியட்டும். “இங்கதான் ஊத்து இருந்துச்சு” என்று ஒரு கிழவி அதில் விரல் வைக்கட்டும். அதன்பிறகே அது ஊரின் பிரதி.