முலைத்தாயும் செவிலியும்: ஒரு மொழிபெயர்ப்புச் சிக்கல்

பெற்றவள் அருகில் இல்லாதபோது குழந்தைக்குத் தன் பாலையே ஊட்டியவளைக் குறிக்க இந்திய மொழிகளில் சொற்கள் பல உண்டு. அவற்றுட் சில காலப்போக்கில் பாலை இழந்து பணியை மட்டும் குறிக்கலாயின.

வடமொழித் 'தாத்ரி' பாலுண்ணுதலைக் குறிக்கும் வினையடியோடு தொடர்புடையது. இவளைத் தெரிவுசெய்யும் முறையைச் சரக, சுசுருத சங்கிதைகள் விரித்துரைக்கின்றன. தாய்ப்பால் போதாதபோது ஆட்டுப்பாலோ பசுப்பாலோ அளவறிந்து தருமாறு சுசுருதம் கூறுகிறது. 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, வட இந்திய வழக்கில் 'தாஈ' என்பதைப் பாலூட்டுபவள் என்றே பதிவு செய்தது. இன்றைய இந்தியில் அச்சொல் பெரும்பாலும் மருத்துவச்சியைச் சுட்டுகிறது. போர்ச்சுக்கீசியத்திலிருந்து வந்த 'ஆயா'வில் பாலுக்கு இடமே இல்லை.

இந்தியின் மற்றொரு சொல் தமிழ் எழுத்தில் விபரீதமான தோற்றம் கொள்கிறது. மேவார் இளவரசன் உதயசிங்கைக் காக்கத் தன் மகனையே அவனது படுக்கையில் கிடத்திப் பலிகொடுத்தாள் என மரபுக்கதை போற்றும் பெண், தமிழில் 'பன்னா தாய்' ஆகிறாள். மூலத்தில் அது பாலூட்டுபவள் என்னும் பொருளது. தமிழ் வாசகரோ ஈன்றவள் என்றே கொள்வர். கதையின் உயிர்நிலையே அவள் அவனை ஈன்றவள் அல்லள் என்பதுதான்.

'செவிலி' என்று பெயர்த்தாலும் இடர் தீராது. தொல்காப்பியத்தில் செவிலி தோழியின் தாய், வளர்ப்பவள். இக்காலத்தில் அச்சொல் மருத்துவமனைக்குச் சென்றுவிட்டது. ஊட்டி வளர்த்தலைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து பிறந்த ஆங்கில 'நர்ஸ்' சென்ற வழியும் அதுவே. பாராட்டுந்தாய், ஊட்டுந்தாய், முலைத்தாய், கைத்தாய், செவிலித்தாய் எனத் தாயரை ஐவராகப் பகுக்கும் மரபில் முலைத்தாய் வேறு, செவிலி வேறு. தாத்ரிக்கு நேரான தமிழ் 'முலைத்தாய்' என்பதே. நாகரிகம் கருதி அதனைத் தவிர்த்துப் 'பாலூட்டும் தாய்' என்று எழுதுவோர் உளர். மருத்துவ வழக்கில் அத்தொடர் பெற்றவளையே குறிப்பதால் குழப்பம் மிகுமே தவிரக் குறையாது.

சட்டமொழியிலும் இதே சிக்கல் உண்டு. பேறுகாலம் முடிந்து பணிக்குத் திரும்பியவளுக்குக் குழந்தை 15 மாதம் நிரம்பும்வரை நாள்தோறும் இரு 'நர்சிங்' இடைவேளைகளை 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் வழங்கிற்று. இங்கு அச்சொல் பழம்பொருளிலேயே நிற்கிறது. 'செவிலியப் பணி' எனப் பெயர்த்தால் உரிமையே மறைந்துபோகும். இவ்விரு இடைவேளைகளுக்கு நடுவே குழந்தையைக் கையில் வைத்திருப்பவளுக்கு அப்பிரிவு பெயரெதுவும் தரவில்லை.